கல் பாவிய தெருவும் கிராமத்தின் கடமையும்

கோத்தகிரி என்னும் பெயர் ‘கோத்தர் கேரி’ என்பதன் திரிபு என்றும், கோத்தர்கள் வாழும் தெரு என்பதே அதன் பொருள் என்றும் அறிந்தோர் கூறுவர். மலையைக் குறிக்கும் ‘கிரி’ பின்னால் வந்து புகுந்த சொல். ஆதியில் அவ்வூர் தன் பெயரைத் தெருவிலிருந்தே பெற்றது. நீலகிரியில் கோத்தர்களின் ஊர்கள் ஏழு. அவற்றுள் கீழ் கோத்தகிரியும் ஒன்று. பெயரிலேயே தெருவைத் தாங்கி நிற்கும் ஓர் ஊரைச் சுற்றிலும் பழைய தெருக்களின் கதி என்னவாகிறது என்று விசாரிப்பது அனாவசியமான காரியம் ஆகாதென்று நம்புகிறோம்.

மலை ஜில்லாவின் பழைய கிராமங்களைப் பார்த்தவர்களுக்கு நாம் குறிப்பிடும் காட்சி புதிதல்ல. வீட்டு வரிசையின் முன்னே நீண்டு கிடக்கும் முற்றம், சரிவில் இறங்கும் கற்படிகள், சாந்தில்லாமல் அடுக்கிய தடுப்புச் சுவர், ஊரார் கூடும் இடத்துக் கல் மேடை, தேயிலைத் தோட்டத்துக்கும் சந்தைக்கும் செல்லும் கல் பாவிய ஒற்றையடிப் பாதை ஆகிய இவையெல்லாம் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. பகைமையினால் யாரும் இவற்றை இடிப்பதில்லை. கிராமத்துக்கு நன்மை செய்ய வேண்டுமென்ற எண்ணத்துடன்தான் கற்கள் பெயர்க்கப்பட்டு, அவ்விடத்தில் சிமெண்டுத் தளமோ, அச்சில் வார்த்த பேவர் பிளாக் கற்களோ வந்து படிகின்றன. நல்லெண்ணத்தால் விளையும் கேட்டைக் கண்டிப்பது சிரமமான வேலை. ஆயினும் அதைச் சொல்லாமல் விடுவது பத்திரிகையின் தர்மமாகாது.

முதலில் ஒரு சந்தேகத்தை நீக்கிவிடுகிறோம். மலைக் கிராமங்களுக்கு ரோடு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நோயாளியைக் கட்டிலில் கிடத்தித் தோளில் சுமந்து இறங்கிய காலம் திரும்பி வர வேண்டுமென்று எவரும் விரும்பமாட்டார்கள். ஆம்புலன்ஸ் வண்டி ஊருக்குள் வரத்தான் வேண்டும். பச்சைத் தேயிலையை ஏற்றிச் செல்லும் லாரியும் வரத்தான் வேண்டும். ஆனால் லாரி போகும் வழி வேறு. குழந்தைகள் விளையாடுவதும், தானியம் உலர்த்துவதும், ஊர் கூடி நியாயம் பேசுவதுமான முற்றம் வேறு. இரண்டுக்கும் ஒரே எஸ்டிமேட் போட்டு ஒரே சிமெண்டை ஊற்றுவதைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

இந்த மலையில் கல்லைக் கையாளும் கலை மிகப் பழமையானது. மலை முகடுகளில் காணப்படும் கற்குவை வளையங்களைப் பற்றி, நீலகிரியின் முதல் கமிஷனராயிருந்த பிரீக்ஸ் எழுதிய நூல் 1873-ம் வருஷத்தில் வெளிவந்தது. சாந்து என்பதே இல்லாமல், கல்லோடு கல்லைப் பொருத்தி நிறுத்தும் திறமையை அந்த வளையங்களில் காணலாம். தோடர்களின் கோயிலைச் சூழ்ந்துள்ள சுற்றுச் சுவரிலும் காணலாம். கோத்தர்களோ கொல்லரும் தச்சரும் குயவரும் இசைவாணருமாக மலையின் மற்றக் குடிகளுக்கெல்லாம் கருவி செய்து கொடுத்த கைவினை மக்கள். படுகர்கள் சரிவை வெட்டிச் சமப்படுத்தி ஹட்டிகளை அமைத்தவர்கள். சரிவான பூமியில் ஒரு வீட்டு வரிசை நிற்க வேண்டுமானால், முன்புறத்து மண் கரைந்து போகாதபடி கல்லால் காக்க வேண்டும். மலைவாசிகள் இதை ஏட்டில் படித்து அறியவில்லை, மழையிடமிருந்து கற்றார்கள்.

பின்னால் வெள்ளையர் வந்தனர். 1819-ல் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் மலை ஏறினார். கோத்தகிரிக்கு அருகில் கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இன்று ஞாபகச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் பாதையை மக்பர்சன் என்ற ராணுவ உத்தியோகஸ்தர் 1823-ல் முடித்தார். நீலகிரிக்குள் நுழையும் வாசலாகச் சில வருஷங்கள் கோத்தகிரிப் பக்கமே இருந்தது. 1830-களின் தொடக்கத்தில் குன்னூர் மலைப்பாதை திறந்ததும் போக்குவரத்து அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கோத்தகிரி ஒதுங்கிய ஊராயிற்று. அப்படி ஒதுங்கியதனாலேயே அங்கே சில பழைய பொருள்கள் தப்பின என்றும் சொல்லலாம்.

சல்லிவனின் பெயருக்கு மண்டபம் இருக்கிறது. பாதை போட்ட ராணுவ உத்தியோகஸ்தரின் பெயரைச் சரித்திர நூல்கள் கூறுகின்றன. கல்லைச் சுமந்த முதுகுகளின் பெயரை எந்த நூலில் காண்போம்? குளிரிலும் காய்ச்சலிலும் காடு வெட்டிப் பாதை போட்ட கூலிகள், பின்னால் தேயிலைத் தோட்டங்களுக்கென்று சமவெளியிலிருந்து ஏறி வந்த தொழிலாளர்கள் ஆகியோருக்கு வேறு கல்வெட்டு கிடையாது. அவர்கள் வைத்துவிட்டுப் போன கற்களே அவர்களுக்குக் கல்வெட்டு. ஆகையால் ஒரு பழைய கற்பாதையைப் பெயர்த்து எறியும்போது, துரைமார்களின் சின்னம் எதுவும் அழிவதில்லை. நம்முடைய ஜனங்களின் உழைப்புக்கு இருக்கும் ஒரே சாட்சியம்தான் அழிகிறது.

இது வெறும் உணர்ச்சி விஷயமென்று சிலர் ஒதுக்கிவிடக்கூடும். ஆகவே கற்பாவின் பிரயோஜனத்தையும் எடுத்துக் கூறுவோம். முறைப்படி பாவிய தெருவில், முதலில் மண்ணைக் கெட்டித்து, அதன்மேல் சரளையும் மணலும் பரப்பி, ஒவ்வொரு கல்லையும் அதன் நீளமான பாகம் கீழே இறங்கும்படி நெருக்கமாக நடுவார்கள். இடைவெளிகளில் சில்லுகளும் மணலும் இறுகி நிற்கும். ஓரத்தில் பெரிய கற்கள் வரம்பாக நின்று, நடுவிலுள்ள கற்கள் நழுவாதபடி பிடித்துக்கொள்ளும். தெருவின் நடு சற்று உயர்ந்திருக்கும்; சரிவில் சில கஜத்துக்கு ஒரு முறை குறுக்கே சாய்வாக ஒரு கல் வரிசை, ஓடிவரும் தண்ணீரைத் தடுத்துப் பக்கத்து வாய்க்காலில் தள்ளும். மழையில் ஒரு பகுதி கல்லின் இடுக்கு வழியே மண்ணுக்குள் இறங்கும்; மற்றது வேகம் தணிந்து வடியும். ஒரு கல் அமிழ்ந்தால் அந்த ஒரு கல்லை மட்டும் எடுத்து மறுபடி வைத்தால் போதும். சிமெண்டுத் தளம் வெடித்தால் அதை உடைத்து எறிவதைத் தவிர வேறு வழி கிடையாது.

நீலகிரியின் கிழக்குச் சரிவில் உள்ள கோத்தகிரி, கீழ் கோத்தகிரிப் பிரதேசங்களுக்கு வடகிழக்குப் பருவமழையே முக்கியம். 2009-ம் வருஷம் நவம்பரில் அம்மழை என்ன செய்தது என்பதை ஜில்லாவில் யாரும் மறந்திருக்க முடியாது. கேத்தியில் ஒரே நாளில் ஏறக்குறைய 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது; குன்னூர், கோத்தகிரி, உதகைப் பகுதிகளில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. கரும்பாறையின் மேல் ஆழமாக இளகிய செம்மண் போர்த்திய மலை இது. தண்ணீர் பரவி வடிந்தால் மலை தாங்கும். ஓரிடத்தில் குவிந்து பாய்ந்தால் தாங்காது. கல் பாவிய முற்றம் இருந்திருந்தால் அந்த விபத்து நேர்ந்திராது என்று நாம் சொல்லவில்லை. அவ்வளவு எளிதான விஷயமல்ல அது. ஆனால் ஊரின் ஒவ்வொரு முற்றமும் சந்தும் ஒரு துளியையும் ஏற்காத சிமெண்டுத் தரையாக மாறும்போது, எல்லாத் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் சேர்ந்து கீழ்வீட்டுக்காரனின் சுவர் அடியில் போய்ப் பாய்கிறதென்பதை எந்த ஓவர்சியரும் மறுக்கமாட்டார்.

பழைய கற்பாவு எவ்வாறு சாகிறதென்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே நாளில் அது சாவதில்லை. வீடுதோறும் குழாயில் தண்ணீர் தருவதற்காக 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தைப் போன்ற மிக நல்ல காரியத்துக்கே தெருவைத் தோண்டுகிறார்கள். தோண்டியவர்கள் கல்லை ஒரு புறம் குவிக்கிறார்கள். குழாய் பதித்ததும் மண்ணை அள்ளிப் போட்டு மேலே சிமெண்டு பூசிவிட்டுப் போகிறார்கள். குவித்த கற்கள் யாரோ ஒருவர் வீட்டு அஸ்திவாரத்துக்குப் போகின்றன. பூசிய சிமெண்டு இளகாது. பக்கத்துக் கற்களோ மழைக்கும் வெயிலுக்கும் சற்றே அசையும். இரண்டும் ஒத்துவராமல் ஓரத்தில் பிளவு காண்கிறது. பிளவில் தண்ணீர் இறங்கி அடிமண்ணை அரிக்கிறது. சில வருஷங்களில் தெரு குண்டும் குழியுமாகிறது. உடனே, ‘பழைய கல் தெரு உபயோகமற்றது, முழுவதும் காங்க்ரீட் போட வேண்டும்’ என்று தீர்மானம் வருகிறது! காங்க்ரீட்டும் பழைய தளத்தின் மேலேயே ஏறுகிறது. தெரு உயர்ந்து வீட்டு வாசல் பள்ளமாகிறது. பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் புதுத் தளம் போடக்கூடாதென்று 2021-ல் ராஜ்யத்தின் தலைமைச் செயலாளரே உத்தரவு பிறப்பிக்க நேர்ந்ததென்றால், இந்த வழக்கம் எவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

கற்பாவுக்கு எதிராகக் கிராமத்தார் சொல்லும் குறைகளை அலட்சியம் செய்வது சரியல்ல. மழைக்காலத்தில் கல்லில் பாசி பிடித்து வழுக்குகிறது, முதியோர் விழுகிறார்கள், சக்கர நாற்காலி ஓடாது, தலையில் புல்லுக்கட்டோடு இறங்கும் பெண்களுக்கு மேடுபள்ளம் ஆபத்து. பட்டணத்திலிருந்து ஓய்வுக்கு வரும் கனவான்களுக்கு அழகாகத் தோன்றுவது, அங்கேயே பிறந்து நடந்து தேய்பவர்களுக்குத் தொல்லையாகத் தோன்றலாம். இக்குறைகள் உண்மையானவை, ஆனால் இவற்றுக்குப் பரிகாரம் உண்டு. தெருவின் நடுவே மூன்றடி அகலத்துக்குச் சமமாகக் கொத்திய பலகைக் கற்களைப் பதித்தால் நடக்கவும் சக்கரம் உருளவும் வழி ஏற்படும். செங்குத்தான இடத்தில் படியும் கைப்பிடிக் கம்பியும் வைக்கலாம். வருஷத்துக்கு இரண்டு முறை தென்னந்துடைப்பத்தால் பாசியைத் தேய்த்துக் கழுவலாம். அங்கஹீனர்களின் உரிமைகளை 2016-ம் வருஷத்துச் சட்டம் உறுதி செய்திருக்கிறது. அந்த உரிமைக்கும் பழைய கல்லுக்கும் விரோதம் இருப்பதாகக் காட்டி இரண்டில் ஒன்றை விடச் சொல்வது சோம்பலின் வாதம்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். புராதனச் சின்னங்களுக்காக 1966-ல் இயற்றிய ராஜ்யச் சட்டம் இருக்கிறது. ஆனால் சின்னமென்று பிரகடனம் செய்த இடத்துக்கே அது காவல். ஜனங்கள் குடியிருக்கும் ஒரு சாதாரணத் தெருவை யார் பிரகடனம் செய்வார்கள்? மலையில் கட்டிடங்களைக் கட்டுப்படுத்த 1990-ல் ஏற்பட்ட மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கவனம் வீடுகளின் மேலும் நிலங்களின் மேலும்தான். மரபுச் சின்னங்களுக்கென்று ஓர் ஆணையம் வேண்டுமென 2012-ல் சட்டமன்றம் சட்டம் செய்தது. அது நடைமுறைக்கு வருவதற்குள் பல வருஷங்கள் உருண்டோடின. பிரகடனம் பெறாத மரபுகளைப் பற்றி இன்டாக் ஸ்தாபனம் 2004-ல் வெளியிட்ட சாசனம் ஒன்று உண்டு. வாழும் கைவினைஞர்களின் கைத்திறனே மரபைக் காக்கும் கருவி என்பது அதன் சாரம். அருமையான கொள்கை, ஆனால் அது சட்டமல்ல. ஆகவே சின்னமும் ஆகாமல், புது ரோடும் ஆகாமல், கிராமத்துக் கற்பாவு இரண்டு ஆபீசுகளுக்கும் நடுவில் அனாதையாகக் கிடக்கிறது.

சின்னமென்று பெயர் சூட்டிவிட்டால் மட்டும் காப்பாற்றப்பட்டுவிடுமா? கீழ் கோத்தகிரிப் பக்கத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. இருளர் வாழும் கரிக்கையூரின் பாறை ஓவியங்கள் அநேக ஆயிரம் வருஷத்துப் பழமை வாய்ந்தவை என்று ஆராய்ச்சியாளர்கள் புகழ்ந்தார்கள், பத்திரிகைகளும் எழுதின. பார்க்க வந்தவர்களில் சிலர் அந்த ஓவியங்களின் மேலேயே தங்கள் பெயர்களைக் கிறுக்கிவிட்டுப் போனார்கள். காவல் ஏற்பாடு இல்லாமல் கீர்த்தி மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் வேண்டுமா? நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்குச் சென்னை ஹைகோர்ட்டின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது; 2025 ஏப்ரல் முதல் தினசரி எண்ணிக்கைக்கு வரம்பும் விதிக்கப்பட்டது. மலைப்பாதையில் வண்டிகளை எண்ணுவதற்கு நீதிமன்றம் முன்வந்தது. கிராமத்துச் சந்தில் கற்களை எண்ணுவதற்கு யார் முன்வருவார்கள்?

கிராமத்தார்தான் முன்வர வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம். ஜப்பான் தேசத்தில் கிசோ பள்ளத்தாக்கில் த்ஸுமாகோ என்று ஒரு சிற்றூர் உண்டு. கியோத்தோவுக்கும் எதோவுக்கும் இடையிலான பழைய ராஜபாட்டையில் வழிப்போக்கர் தங்கும் ஊராக அது செழித்திருந்தது. ரயில் வேறு வழியாகச் சென்றதும், குன்னூர்ப் பாதை திறந்தபின் கோத்தகிரி ஒதுங்கியதைப் போலவே, அதுவும் ஒதுங்கிக் கிடந்தது. 1968-ல் பழைய வீடுகளைச் செப்பனிடத் தொடங்கினார்கள். 1971-ல் ஊரார் கூடி, ‘விற்கமாட்டோம், வாடகைக்கு விடமாட்டோம், இடிக்கமாட்டோம்’ என்று தங்களுக்குள் சாசனம் செய்துகொண்டார்கள். தேசச் சர்க்கார் அவ்வூரைப் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக ஏற்றது 1976-ல்தான். ஊரின் உறுதி முன்னே சென்றது. சர்க்காரின் முத்திரை பின்னே வந்தது. பிரான்ஸ் தேசத்திலும், பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயம் நடக்கும் கற்பாதைகளைப் பிற்போக்கின் அடையாளமென்று வெட்கி, 1960-களில் ஊர்த் தலைவர்கள் தார் போட்டு மூடினார்கள். இப்போது அதே கற்களைச் செப்பனிட அன்பர்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள். சாந்தின்றிக் கல் அடுக்கும் கலையை 2018-ல் யுனெஸ்கோ எட்டு ஐரோப்பிய நாடுகளின் பெயரால் மனித குலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் மலையில் அக்கலை தெரிந்த கிழவர் ஒவ்வொருவராகக் கண்ணை மூடுகிறார்; நாமோ பட்டியலும் தயாரிக்கவில்லை, சீடர்களையும் தயாரிக்கவில்லை. இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்த சித்திரை வீதிகளுக்கு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் செலவு செய்து புதிதாகக் கல் பாவினார்கள். பட்டணத்தில் பணம் கொடுத்து வாங்கும் பொருளை, மலைக் கிராமத்தில் பணம் கொடுத்துப் பெயர்த்து எறிகிறோம்!

கிராமத்தார் முன்வர வேண்டும் என்று சொல்லும்போது ஓர் அபாயத்தையும் உணர்ந்தே சொல்கிறோம். நம் நாட்டில் ஏரியையும் கால்வாயையும் ஊரார் சேர்ந்து செப்பனிடும் குடிமராமத்து என்ற நல்ல வழக்கம் இருந்தது. 1858-ல் வெள்ளைச் சர்க்கார் அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கிற்று. அன்போடு செய்த வேலை அதிகாரத்துக்கு அஞ்சிச் செய்யும் வேலையாயிற்று. கிராமப் பொது வேலை என்றால் ஏழையின் முதுகும் பணக்காரனின் பிரசங்கமும் என்று ஆகிவிடக்கூடாது. கோத்தரோ இருளரோ தோட்டத் தொழிலாளியோ, கல் பாவ வருகிறவருக்குக் கொத்தனாருக்குரிய முழுக் கூலி கொடுக்க வேண்டும். எந்த முற்றத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் அதில் வாழ்பவர்களே தீர்மானிக்க வேண்டும். கோயில் முற்றங்களில் அவரவர் ஆசாரப்படி அன்னியர் நுழையக்கூடாத இடம் இருந்தால், அங்கே மராமத்து என்ற பெயரால் அதிகாரிகளும் நுழையலாகாது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. முதலாவது, ஒவ்வொரு ஊராட்சியும் தன் எல்லைக்குள் எஞ்சியிருக்கும் கற்பாவு, கற்படி, கற்சுவர் எல்லாவற்றையும் நடந்து பார்த்து, அளவெடுத்து, படம் பிடித்து ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். கிராம சபை இந்த ராஜ்யத்தில் வருஷத்துக்கு ஆறு முறை கூட வேண்டியது. அதில் ஒரு கூட்டத்தில் அந்தப் பதிவேட்டை உரக்கப் படித்து ஊரார் ஒப்புதல் பெறலாம். இரண்டாவது, குழாய்க்காகவோ கம்பிக்காகவோ தோண்டுகிறவர் எவராயினும், பெயர்த்த கல்லை எண்ணி ஊராட்சியிடம் ஒப்படைத்து, பழையபடி பாவிய பிறகே பில் பணம் பெற வேண்டுமென்று டெண்டரிலேயே நிபந்தனை எழுத வேண்டும். மூன்றாவது, கற்களின் இடுக்கில் சிமெண்டு பூசுவதை அடியோடு நிறுத்த வேண்டும். நான்காவது, புதுக் கல்லுக்காக மலையை உடைக்காமல், இடிந்த சுவர்களின் கல்லையும் பெயர்த்த கல்லையும் ஓரிடத்தில் சேமித்து வைக்க வேண்டும். ஐந்தாவது, மழை ஓய்ந்த ஜனவரி முதல் மே வரையில் மராமத்தை முடித்து, ஐப்பசிக்கு முன் வாய்க்கால்களைத் தூர்வார வேண்டும். ஆறாவது, கல் வேலை தெரிந்த முதியோரிடம் கிராமத்துக்கு இரண்டு இளைஞர்களையாவது கூலியோடு பழக விட வேண்டும்.

இவை அனைத்துக்கும் மேலாக ஒன்று உண்டு. பழைய தெருவைச் செப்பனிட ஒரு பெருந்தொகையை ஒரே தடவையில் ஒதுக்கி, மந்திரி வந்து நாடா வெட்டி, பெயர்ப் பலகை நாட்டிவிட்டுப் போவதனால் யாதொரு பயனும் இல்லை. ஐந்தாம் வருஷம் பெயர்ப் பலகை நிற்கும், தெரு நிற்காது. அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை வருஷந்தோறும் தவறாமல் ஊராட்சிக்குக் கொடுத்து, ஒரு கல் அசைந்தால் அந்த வாரமே எடுத்து வைக்க ஓர் ஆளை நியமித்தால், தெரு நம் பேரன்மார் காலத்திலும் இருக்கும். புதுப்பித்தல் ஒரு நாள் உற்சவம். பராமரிப்பு நித்திய பூஜை. உற்சவத்துக்கு நிதி ஒதுக்கப் பழகிய சர்க்கார், பூஜைக்கு எண்ணெய் வாங்கவும் பழக வேண்டும்.

சுயராஜ்யம் என்பது தலைநகரில் மட்டும் நடப்பதன்று. தன் வாசலின் முன் கிடக்கும் கல் தன்னுடையது, தன் முன்னோர் சுமந்து வந்து வைத்தது, தன் பிள்ளைக்கு ஒப்படைக்க வேண்டியது என்று ஒரு கிராமத்தான் உணர்வதிலும் அது இருக்கிறது. கேரி என்ற சொல்லைப் பெயரில் தாங்கிய மலைநாட்டார் தங்கள் கேரிகளைக் காப்பதில் மற்ற ஜில்லாக்களுக்கு வழிகாட்ட வேண்டும். அடுத்த மழைக்குள் ஒரு கிராமமாவது தன் கற்களை எண்ணிப் பதிவு செய்துவிட்டதென்ற செய்தி கிடைக்குமாயின், அதை இதே பக்கத்தில் மகிழ்ச்சியோடு பிரசுரிக்கக் காத்திருக்கிறோம்.